ஜவளகிரிப் புலியும் அப்பா சொன்ன முடிவும்

நீங்கள் கேட்டது மூன்று வரிதான். பத்து வயதில் கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் மயங்கிக் கிடந்தீர்கள். அவற்றில் பாதி கற்பனை என்று யாரோ சொன்னதைக் கேட்டு இப்போது மனம் நொந்திருக்கிறீர்கள். பதினோரு வயது மகனுக்கு அந்தப் புத்தகங்களைக் கொடுக்கலாமா என்று தயங்குகிறீர்கள். மேலே தெரிவது ‘ஆண்டர்சன் எழுதியது உண்மையா’ என்ற கேள்வி. உள்ளே நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: சிறுவயதில் ஒருவரை அவ்வளவு வியந்தது வீணா? விலங்கைக் கொன்றவரை வியந்தது குற்றமா? என்னால் இயன்ற அளவு இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பதிலை எடைபோட அது உதவும். வனத்துறையில் வனவராகச் சேர்ந்து வனச்சரகராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஓசூர், தருமபுரி, சத்தியமங்கலம் காடுகளில் கழிந்தது. புலி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்றவன் அல்லன். தடம் பார்த்து, எச்சம் பார்த்து, ஆடு மாடு இழந்தவர்களிடம் வாக்குமூலம் எழுதிப் பழகியவன். இன்னொன்று, வளர்ந்தது ஜவளகிரியில். ஆண்டர்சனின் முதல் புத்தகத்தில் வரும் ஆட்கொல்லிப் புலி ஒன்றின் ஊர் அது; அவரைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர். சேலம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒருமுறை பெங்களூர் போனபோது பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். உள்ளே ‘ஜவளகிரி’ என்ற பெயர் இருந்ததாம். அந்தப் பெயருக்காகவே அதை வாங்கிவந்தார். எனக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, ஒரு பத்தியை வாய்க்குள் படித்து, பிறகு தமிழில் சொல்வார். எந்த இடத்தில் அன்றைய கதையை நிறுத்தினார் என்பதற்குப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவார். என் காதில் ஆண்டர்சன் சேலத்துத் தமிழில்தான் பேசினார். 1971, 72 வாக்கில் நடந்தது இது. நாற்பது மைலுக்குள், பெங்களூரில், அந்த மனிதர் அப்போது உயிரோடு இருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா ஒரு கடிதமாவது எழுதியிருப்பார். 1974 ஆகஸ்டு 30ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். நான் அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. தெரிந்த அன்று, வீட்டுப் பெரியவர் ஒருவரின் சாவுக்குப் போகாமல் விட்டுவிட்டது போன்ற ஒரு குறை மனத்தில் ஏறிக்கொண்டது. அது இன்னும் இறங்கவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டர்சன் 1910இல் ஐதராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கன்னடமும் தமிழும் பேசியவர். முதல் புத்தகம் 1954இல் வந்தது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு தனியன் யானையும் என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்லலாம். அதன் பிறகு 1957, 1959, 1961 என்று தொடர்ந்து எழுதினார். இறந்த பிறகும் 1976இல் ஒன்று வந்தது. இந்தப் புத்தகங்களின் களம் பெரும்பாலும் நம் பக்கத்துக் காடுகள்: ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல், அங்கிருந்து மேற்கே தாளவாடி, திம்பம், கெத்தேசால், நீலகிரியின் வடசரிவில் சீகூர். அவர் எழுதிய காலத்தில் இவற்றில் கிழக்குப் பகுதி முழுவதும் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965இல்தான். அதனால் பழைய பதிப்பில் ‘சேலம் மாவட்டம்’ என்று வருவதைப் பார்த்து, ‘இவர் ஊரையே தப்பாக எழுதியிருக்கிறார்’ என்று சிலர் சொல்வது சரியல்ல.

அந்த நில விவரிப்பை நான் காலால் சோதித்திருக்கிறேன். கோடையில் சின்னாற்றின் மணலில் நடக்கும்போது தண்ணீர் எங்கே ஊறும், கரையில் நீர்மத்தி எங்கே தொடங்கும், மேட்டில் ஏறியதும் மூங்கில் எப்படி முள்காட்டுக்கு இடம் விடும், உண்ணிச்செடிப் புதர் எப்படி நடைபாதையைக் குகைபோல் மூடும் என்பதையெல்லாம் அந்த இடத்தில் படுத்துக் கிடந்தவரால் மட்டுமே எழுத முடியும். ஒலிகளும் அப்படியே. புள்ளிமான் எதற்கும் கத்தும். நாயைப் பார்த்தாலும் கத்தும், மனிதனைப் பார்த்தாலும் கத்தும். கடமான் அப்படியல்ல. அது நின்ற இடத்தில் காலை உதைத்து, கனத்த குரலில், விட்டுவிட்டுக் கத்தினால் புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மரத்து உச்சியில் முசுக் குரங்கு கத்தும் திசை நகர்ந்துகொண்டே போனால், கீழே விலங்கும் நகர்கிறது. பணிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் மூத்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். எனக்கு முன்பே தெரிந்திருந்ததைக் கண்டு வியந்தார். அரிக்கேன் விளக்கடியில் கற்றது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஆக, காட்டைப் பற்றி அவர் சொல்வதில் பெரும்பகுதியை நீங்கள் நம்பலாம். சிக்கல் தொடங்குவது, ஒரு குறிப்பிட்ட புலியை, ஒரு குறிப்பிட்ட இரவில், தனியாகப் பரணில் இருந்தோ தரையில் இருந்தோ அவர் சந்தித்ததாகச் சொல்லும் பக்கங்களில். பல கதைகளில் ஆண்டே இல்லை. சாட்சி அவர் ஒருவர்தான், அல்லது அவரோடு இருந்த ஊர்க்காரர் ஒருவர். பாய்ந்துவரும் புலி கடைசிக் குண்டில் காலடியில் விழுவது, மரணத்துக்கும் அவருக்கும் நடுவே ஒரு விநாடிதான் இருப்பது ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. நடந்திருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தனையும் அதே அளவில் நடந்தன என்று நம்புவதும் எனக்குக் கடினம். இரவில் காட்டில் நேர்ந்ததை மறுநாள் சொல்லும்போதே அது கொஞ்சம் வளர்ந்துவிடுகிறது. முப்பது ஆண்டு கழித்துத் தட்டச்சில் ஏறும்போது எவ்வளவு வளரும் என்று யோசித்துப் பாருங்கள். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலே வளரும். இதை இன்று எவராலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ‘பாதி கற்பனை’ என்று அடித்துச் சொன்னவரிடமும் கையில் ஆதாரம் இருக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க ஜிம் கார்பெட் உதவுவார். வடக்கே இமயமலையின் குமாவூன், கட்வால் பகுதிகளில் 1907 முதல் 1938 வரை ஆட்கொல்லிகளைச் சுட்டவர் அவர். அவருக்கு அரசின் ஆவணத் துணை இருந்தது. ருத்ரபிரயாகைச் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றதாக உள்ள கணக்கு அரசாங்கப் பதிவில் உள்ளது. அவர் அதைச் சுட்ட குலாப்ராயில் இன்றும் நினைவுச் சின்னம் நிற்கிறது. சுட்ட விலங்கின் உடலையும் அவர் சாட்சியாக வைக்கிறார். சம்பாவத்துப் பெண்புலிக்கு வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம் அது. முக்தேசர் புலிக்கு ஒரு கண் போய், முன்காலில் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் ஏறியிருந்தன. மானைத் துரத்திப் பிடிக்க முடியாத விலங்குதான் மெதுவாக நடக்கும் மனிதரிடம் வருகிறது என்பதை வாசகர் கண்ணால் பார்க்கும்படி வைத்தவர் அவர். சிறுத்தைகள் ஆட்கொல்லியாவதற்கு இன்னொரு காரணமும் அவர் சொல்கிறார்: கொள்ளைநோய்க் காலத்தில் பிணங்களை முறைப்படி எரிக்க முடியாமல், வாயில் ஒரு தணலை மட்டும் வைத்து மலைச்சரிவில் தள்ளிவிடும் வழக்கம். 1918 இன்ஃப்ளுயன்சாவையும் ருத்ரபிரயாகைச் சிறுத்தை தொடங்கிய ஆண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் கார்பெட்டிலும் எல்லாம் கல்வெட்டு அல்ல. சம்பாவத்துப் புலி 436 பேரைக் கொன்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் 200 பேர் அது நேபாளத்தில் இருந்தபோது இறந்தவர்களாகச் சொல்லப்படும் முழு எண். இருநூறு என்று சரியாக முடியும் ஒரு கணக்கைக் கண்டால், வாக்குமூலம் எழுதிப் பழகிய என் கை அங்கேயே நின்றுவிடும். அதைவிட அடிப்படையான ஐயம் ஒன்று உண்டு. பத்துச் சாவுகளையும் செய்தது ஒரே விலங்குதான் என்று அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? காலடித் தடத்தை வைத்துத்தான். ஆண் பெண் வேறுபாடு, வயது, நொண்டும் கால் இவற்றைத் தடத்தில் ஓரளவு படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு புலியையும் தடத்தால் தனித்தனியே அடையாளம் காணும் முறை நம்பத்தக்கதல்ல என்று நாடே பிறகு ஒப்புக்கொண்டது. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவில் பதியும் வரிகளை வைத்துத்தான் புலிகளைப் பிரித்தறிகிறார்கள். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இராது.

இந்தப் பாடம் எனக்கு நேரடியாகக் கிடைத்தது. ஒரு மலைக்கிராமத்தில் ஆறு வாரத்தில் பதினான்கு ஆடுகள் போயின. நான் போய்த் தடம் பார்த்தேன். ஒரே ஆண் சிறுத்தை என்று ஊர்க்கூட்டத்தில் உறுதியாகச் சொன்னேன். என் பேச்சை நம்பி ஊரார் பட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் முள்வேலி வைத்து அடைத்தார்கள். மேலும் மூன்று ஆடுகள் போயின. பிறகு கேமரா கட்டிப் பார்த்தால், புள்ளி அமைப்பு வேறுவேறாக மூன்று சிறுத்தைகள். ஆடு இழந்த கிழவி ஒருத்தியிடம் போய் நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்றுதான் ஆண்டர்சனின் ‘அதே புலி’ என்ற சொல்லின்மேல் எனக்கு முதன்முறையாக ஐயம் வந்தது. கோபம் வரவில்லை. இருபது ஆண்டு அனுபவமும் அரசுச் சீருடையும் இருந்த நானே மூன்றை ஒன்றாக்கினேன். அவரும் நல்ல நம்பிக்கையோடுதான் ஆக்கியிருப்பார்.

வேறு சில இடங்களிலும் எச்சரிக்கையோடு படியுங்கள். ஆண்டர்சன் கதையில் வரும் சிவானிபள்ளியின் கருஞ்சிறுத்தையைத் தனி வகை விலங்காக மகன் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரணச் சிறுத்தைதான் அது. உடலில் கருநிறமி மிகுந்து பிறப்பது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் கருப்புக்குள் அதே புள்ளிகள் தெரியும். மந்திரம், தாயத்து, மூலிகை பற்றி அவர் ஆர்வமாக எழுதும் பக்கங்களைப் பழங்கதையாக மட்டும் படிக்க வேண்டும். பாம்பு கடித்தால் மருத்துவமனையும் நஞ்சுமுறி ஊசியும்தான் வழி. காட்டோரத்தில் வளரும் பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. மாறாக, மைசூர்ப் பக்கத்துக் கரடி பற்றிய கதையை மிகை என்று தள்ளிவிடாதீர்கள். கரையானும் தேனும் பழமும் தின்னும் விலங்கு மனிதரை அப்படிச் சிதைக்குமா என்று கேட்கிறார்கள். சிதைக்கும். கரடிக்குக் கண்பார்வை மட்டு. கரையான் புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது காதும் கேட்காது. திடீரென்று அருகில் ஆளைக் கண்டால் எழுந்து நின்று முகத்தில் பாயும். அப்படி முகம் இழந்த மூன்று பேரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். எந்தப் புலிக் கதையையும்விட அந்தக் கதை என்னை நடுங்கவைக்கிறது.

மனிதர்களை அவர் எழுதிய விதம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் படிக்கும் நமக்கு அது உறுத்தும். வெள்ளைத்தோல் துரையாகத்தான் அவர் காட்டுக்குள் வருகிறார். ஊர்க்காரர்களின் பயத்தையும் நம்பிக்கையையும் சில இடங்களில் மேலிருந்து பார்க்கிறார். ‘பூசாரி’ என்பதை ஓர் இனத்தின் பெயராக எழுதுகிறார். நம் காதுக்கு அது கோயில் பூசை செய்பவரின் பெயர். இவ்வளவு இருந்தும், பைரா என்ற அந்தக் காட்டு மனிதரும் பென்னாகரத்து ரங்காவும் அவர் பக்கங்களில் வெறும் வேலையாட்களாக வருவதில்லை. யார் யாருக்குக் காடு கற்பித்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. பைரா சொன்னதைக் கேட்காமல் தவறிய இடங்களை அவரே எழுதுகிறார். எழுதும் வசதி பைராவுக்கு இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். என்னோடு வேலை பார்த்த இருளர் காவலர்களில் இருவர் ஆண்டர்சனைவிடக் கூர்மையான கண் உடையவர்கள் என்று தயங்காமல் சொல்வேன். அவர்கள் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை.

இனி வேட்டை. ஆட்கொல்லியைச் சுட்டது உயிர்காக்கும் வேலை; அதில் எனக்கு ஐயமில்லை. சாயங்காலம் விறகுக்குப் போன பெண் திரும்பாத ஊரில் ஓர் இரவு இருந்தவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தக் கதைகளைச் சுற்றி இருந்த உலகம் அது மட்டும் அல்ல. 1875க்கும் 1925க்கும் இடையே இந்தியாவில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டிருக்கும் என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். வெகுமதிக்காகவும் விளையாட்டுக்காகவும் தோலுக்காகவும் நடந்தது அது. கார்பெட்டும் ஆண்டர்சனும் அந்த உலகத்தில் வளர்ந்தவர்கள். இளமையில் இருவரும் விளையாட்டுக்குச் சுட்டவர்கள்தான். இரண்டு பேரும் மெல்ல மெல்லத் துப்பாக்கியை இறக்கிக் கேமராவை எடுத்தார்கள் என்பதும் உண்மை. கார்பெட் துணை நின்று 1936இல் உருவான தேசியப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்குகிறது; 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கியது. ஆண்டர்சனுக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடைக்கவில்லை. ஆனால் அவர் நடந்த காடுகளில் சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2022இல் காவிரி தெற்கும் சேர்ந்தது.

இன்று ஆட்கொல்லி வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதை மகனுக்குச் சொல்வது கதைக்கு நல்ல துணையாக இருக்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மனித உயிருக்கு ஆபத்தான புலியைக் கொல்வதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஆணை வேண்டும். பிடிக்க முடியாது என்று அவருக்கு உறுதியானால்தான் அந்த ஆணை வரும். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்று எண்ணிட்ட புலி நான்கு பேரைக் கொன்றதாகத் தேடப்பட்டது. ஆண்டர்சன் எழுதிய அதே சீகூர்ச் சரிவுதான். கும்கி யானைகள், ட்ரோன், மோப்ப நாய்கள், வரிசையாகக் கட்டிய கேமராக்கள், இவற்றோடு தடம் பார்க்கும் பழங்குடிக் காவலர்கள். 21 நாள் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற நான் அந்த 21 நாளும் வீட்டில் தூங்கவில்லை. பரண், கட்டிய கன்று, துப்பாக்கியில் பொருத்திய டார்ச் என்று இருந்த இடத்தில் எவ்வளவு மாறிவிட்டது! முள்ளுக்குள் குனிந்து தடம் பார்க்கும் அந்த மனிதரின் முதுகு மட்டும் மாறவே இல்லை.

பரண் என்றதும் நினைவுக்கு வருகிறது. மகனுக்குப் பரண் என்றால் என்னவென்று காட்ட விரும்பினால், கேழ்வரகு முற்றும் கார்த்திகை, மார்கழியில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூட்டிப் போங்கள். யானையை விரட்ட மரத்தில் கட்டிய பரணில், தகர டப்பாவும் பந்தமுமாக விவசாயிகள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ஆண்டர்சன் ஆண்டுக்கு எத்தனை இரவு பரணில் இருந்தாரோ, அதைவிட அதிக இரவுகளை அவர்கள் ஒரே பருவத்தில் கழிக்கிறார்கள். பயமும் அதே பயம்தான், குளிரும் அதே குளிர்தான். இதை வாசிப்பின் ஒரு பகுதியாகவே நான் நினைக்கிறேன்.

இப்போது வியப்பைப் பற்றி. முன்பு சொன்னேனே, எங்கள் ஊர்ப் புலியின் கதை. ஜோடியைத் தேடி இரவில் அழைத்துக்கொண்டு திரிகிறது பெண்புலி. ஆண்டர்சன் காட்டில் பதுங்கியிருந்து ஆண்புலியின் குரலில் பதில் கொடுக்கிறார். அது நம்பி அருகில் வருகிறது. (கார்பெட்டும் 1938இல் தாக் கிராமத்தில் தன் கடைசி ஆட்கொல்லியை இப்படித்தான் அழைத்தார், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்று எண்ண வேண்டாம். குரல் கொடுத்து அழைப்பது அக்காலத்து வேட்டையில் தெரிந்த முறையே.) அப்பா அந்த இடத்தில் வாயைக் குவித்து, பித்தளைக் குடத்துக்குள் முகத்தை வைத்து, புலியின் குரலை எழுப்பினார். என் தங்கை அலறிவிட்டாள். நான் அழத் தொடங்கினேன். பயத்தால் அல்ல, அந்தப் புலி ஏமாறப்போகிறதே என்பதால். அப்பா சற்று நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, புலி காற்றில் ஏதோ உணர்ந்து திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை என்று கதையை முடித்தார்.

பதினேழு வயதில் அதே பிரதியை நானே ஆங்கிலத்தில் படித்தேன். புலி வருகிறது, அவர் சுடுகிறார், அது சாகிறது. ஏழு ஆண்டுகளாக எங்கள் காட்டில் எங்கோ அது உயிரோடு போய்க்கொண்டிருந்தது. அன்று மத்தியானம்தான் செத்தது. அப்பாவிடம் கேட்டேன். “நீ அழுதாய், நான் என்ன செய்வேன்” என்றார். அந்தப் பக்கத்தில் மட்டும் பென்சில் கோடு இல்லை. அன்று நான் ஆண்டர்சனையும் விடவில்லை, அப்பாவையும் விடவில்லை. ஆனால் இருவரிடமும் எதை வியந்தேன் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். துப்பாக்கி எனக்குப் பெரிதாகவே படவில்லை. அந்த 405 வின்செஸ்டரைப் பற்றி நண்பர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அது ஒரு இரும்பு. என்னைக் கட்டிப்போட்டது அவர் காத்திருக்கும் பக்கங்கள். மாலை வெளிச்சம் போவது, காட்டுக்கோழி கடைசியாகக் கூவி அடங்குவது, பக்கி பறவை தொடங்குவது, கொசு கடித்தாலும் கையசைக்காமல் இருப்பது, ஒரு காய்ந்த இலை நொறுங்கும் ஒலியை வைத்து அது கால் வைத்ததா காற்று வைத்ததா என்று முடிவு செய்வது. சுடும் பக்கம் ஒன்று என்றால் காத்திருக்கும் பக்கம் பத்து. நான் வனத்துறைக்கு விண்ணப்பம் போட்டது அந்தப் பத்துப் பக்கங்களுக்காக. அதில் ஒரு வரிகூட என்னை ஏமாற்றவில்லை. நீங்கள் பத்து வயதில் எதை வியந்தீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சுட்டதையா, கேட்டுக்கொண்டிருந்ததையா? உங்கள் கேள்வியில் ‘அந்த இரவுகள்’ என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

மகனுக்குக் கொடுக்கலாமா? கொடுங்கள். முதலிலேயே ஆட்கொல்லிக் கதையில் தொடங்க வேண்டாம். காட்டு ஒலிகளையும் தடங்களையும் பற்றிக் கார்பெட் 1953இல் எழுதிய சிறு புத்தகம் சிறுவர்களுக்கு நல்ல வாசல். அதில் அவரே சிறுவனாக வருகிறார். கூடவே மா. கிருஷ்ணனையும் கொடுங்கள். கொல்லாமல் பார்த்தவர், தமிழிலேயே எழுதியவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கைப் பத்தியும் எழுதினார். அணிலைப் பற்றியும் காக்கையைப் பற்றியும் அவர் எழுதியதைப் படித்தவன், புலி இல்லாத தெருவிலும் பார்க்கக் கற்றுக்கொள்வான். அதன் பிறகு ஆண்டர்சன். தனியாகப் படிக்க விடாமல், முதல் இரண்டு மூன்று கதைகளை நீங்களே வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, ‘இதை அவர் கண்ணால் பார்த்தாரா, ஊகித்தாரா’ என்று கேளுங்கள். பிள்ளைகள் இந்த விளையாட்டில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

முடிவை மாற்ற வேண்டாம் என்பது என் யோசனை. என் மகளுக்கு ஒன்பது வயதானபோது அதே பிரதியிலிருந்து ஜவளகிரிக் கதையைச் சொன்னேன். குடத்துக்குள் குரல் கொடுத்தேன். அப்பா அளவுக்கு வரவில்லை. புலி செத்ததைச் சொன்னேன். அவளும் அழுதாள். வெகுநேரம் கழித்து, தூங்கிவிட்டாள் என்று நான் விளக்கை அணைக்கப் போனபோது, “மனிதரிடம் வருவதற்கு முன்னால் அதற்கு என்ன நடந்ததப்பா?” என்று கேட்டாள். விளக்கை மறுபடி தூண்டி, முதல் பக்கத்திலிருந்து படித்தோம்.